கேலி நின்றுவிட்டது, அதன் குரல் நிற்கவில்லை

கேள்வி: பள்ளியில் மூன்று வருடம் என் உருவத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறேன். யாராவது சிரித்தாலே என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது. கண்ணாடி முன் நின்று 'நான் சிறந்தவள்' என்று தினமும் சொல்லிப் பார்த்தேன். மனம் இன்னும் சுருங்குகிறது. என்ன செய்வது?

பதில்: கண்ணாடிப் பயிற்சியை முதலில் நிறுத்துங்கள். தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு இத்தகைய வாசகங்கள் எதிர்விளைவு தருவதை, உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம்பாத ஒன்றைச் சொல்லும்போது மனம் உடனே எதிர்ச்சான்று தேடுகிறது.

அதற்குப் பதில் ஒரு நோட்டு. 'என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்' என்று தோன்றிய அன்றே, நடந்ததை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். கீழே உங்கள் முடிவு, அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்ற எண். பிறகு வேறு இரண்டு விளக்கங்கள். எண்ணை மறுபடி போடுங்கள். 90 என்பது 70 ஆனாலே போதும். பூஜ்யத்தை எதிர்பார்ப்பவர்கள்தான் ஒரே வாரத்தில் நோட்டை மூடிவிடுகிறார்கள்.

எழுத்து மட்டும் போதாது. தலைகுனிந்து, பேசாமல் தப்பிப்பது பள்ளியில் உங்களைக் காத்தது. இன்று அதே பழக்கம், பயம் பொய் என்று தெரியவரும் வாய்ப்பையே பறிக்கிறது. ஆகவே வாரம் இருமுறை ஒரு சிறு துணிச்சல்: கூட்டத்தில் ஒரு கேள்வி, நிமிர்ந்து ஒரு வணக்கம். பயந்தது நடந்ததா என்று அதே நோட்டில் குறியுங்கள்.

கேலி செய்தவர்களை மன்னித்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், அவசரமில்லை.

தூக்கமோ பசியோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே.