80 கி.மீ. மாட்யூலை 12 கி.மீ. லைனில் போட்டால்: லேசர் பவரை எங்கே குறைப்பது?

கேள்வி: 12 கி.மீ. ஃபைபர் லைனில் 80 கி.மீ. ரக 10 ஜி மாட்யூல்களை (சுவிட்சில் செருகி, ஒளியாகத் தகவல் அனுப்பவும் பெறவும் உதவுபவை) போட்டிருக்கிறோம். ரிசீவரில் மைனஸ் 2 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) காட்டுகிறது, சிஆர்சி பிழைகள், அதாவது தகவல் சிதைந்து வந்ததைக் காட்டும் பிழைகள், ஏறிக்கொண்டே இருக்கின்றன. சுவிட்சில் கமாண்ட் கொடுத்து லேசரின் பவரைக் குறைக்க முடியுமா?

பதில்: முதலில் இரு முனையிலும் அந்தப் போர்ட்டை அணைத்து வையுங்கள். இந்த ரக ரிசீவர் தாங்கும் உச்ச அளவு பொதுவாக மைனஸ் 7 டிபிஎம். உங்களுக்கு வருவது அதைவிட 5 டிபி அதிகம், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளி. உள்ளே இருப்பது மிக மங்கலான ஒளியையும் உணரும் அவலாஞ்ச் வகை டிடெக்டர். இந்த அளவில் பிழை வருவதோடு நிற்காது, டிடெக்டரே கெட்டுப்போகலாம். சோதனைக்காக இதன் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் வெறும் பேட்ச் கார்டால் இணைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

கமாண்ட் வழி கிடையாது. இத்தகைய மாட்யூல்களில் பவர் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டுவிடும். லேசரின் ஒளியில் சிறு பங்கை உள்ளேயிருக்கும் ஒரு ஃபோட்டோடையோடு அளந்துகொண்டே இருக்கும். ஒளி குறைந்தால் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னோட்டத்தைக் கூட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதை மீறி மின்னோட்டத்தைக் குறைக்க முடிந்தாலும் நன்மை இல்லை. மின்னோட்டத்தையே ஏற்றி இறக்கித் தகவல் அனுப்பும் குறுந்தூர லேசர்களில், அது ஒளிரத் தொடங்கும் எல்லையை நெருங்கினால் ஒவ்வொரு பிட்டும் தாமதமாக எழும், சிக்னல் வடிவம் குலையும். நெடுந்தூர மாட்யூல்களில் பெரும்பாலும் லேசர் அணையாமல் எரிய, பக்கத்திலுள்ள மாடுலேட்டர்தான் ஒளியை மறைத்துத் திறக்கிறது. லேசரும் மாடுலேட்டரும் சேர்ந்தே சரிசெய்யப்பட்டவை. பவரை மாற்ற இடம் தரும் கோஹரன்ட் மாட்யூல்கள் உண்டு. உங்களுடையது அந்த வகை அல்ல.

ஆகவே லேசரை அப்படியே விட்டு, ஒளியை வெளியே குறையுங்கள். மாட்யூல் பிளஸ் 2 டிபிஎம் அனுப்புகிறது என்று வையுங்கள். 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.25 டிபி வீதம் ஃபைபரில் 3 டிபி போகும், கனெக்டர்களில் 1 டிபி. மிஞ்சுவது மைனஸ் 2, உங்கள் அளவீட்டோடு பொருந்துகிறது. 10 டிபி நிலை அட்டென்யூவேட்டர் (ஒளியை ஒரு குறிப்பிட்ட அளவு குறைக்கும் சிறு செருகி) போட்டால் மைனஸ் 12 ஆகும். மேல் எல்லைக்கு 5 டிபி இடைவெளி, மைனஸ் 24 என்ற கீழ் எல்லைக்கு 12 டிபி. 5 டிபி அட்டென்யூவேட்டர் எல்லையிலேயே நிறுத்திவிடும், அதை வாங்காதீர்கள். மாட்யூலே காட்டும் பவர் அளவு 3 டிபி வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால் இந்த இடைவெளி தேவை.

சிங்கிள் மோடு, உங்கள் கனெக்டருக்குப் பொருந்தும் வகையாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள். இரு திசைக்கும் தனித்தனி ஃபைபர் அல்லவா! நீலக் கனெக்டரையும் பச்சைக் கனெக்டரையும் கலக்கக் கூடாது, பச்சையின் முனை 8 டிகிரி சாய்ந்தது. ஒவ்வொன்றையும் பெறும் முனையில் செருகுங்கள், அப்போது செருகுமுன்னும் பின்னும் ஒரே இடத்திலிருந்து அளக்கலாம். முனைகளைத் துடைத்த பிறகே செருக வேண்டும். ஒளி கண்ணுக்குத் தெரியாது, லேசர் ஒளி வரும் ஃபைபர் முனையை ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள். ரிசீவரில் இணைக்காமல் எதிர்முனைப் போர்ட்டை மட்டும் திறந்து, பவர் மீட்டரை 1550க்கு மாற்றி அளந்து, மைனஸ் 12க்கு அருகில் இருந்தால் ரிசீவரில் இணைத்துப் போர்ட்டைத் திறந்து, பிழை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி ஒரு நாள் கவனியுங்கள். பிழை தொடர்ந்தால் ரிசீவர் ஏற்கெனவே பழுதாகியிருக்கலாம், மாட்யூலை மாற்றிப் பாருங்கள்.

ஃபைபரைப் பேனாவில் சுற்றி ஒளியைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சுற்று சற்றே தளர்ந்தாலும் அளவு மாறிவிடும், வளைந்த கண்ணாடி நாளடைவில் விரிசல் விடலாம்.

அட்டென்யூவேட்டரில் '10 டிபி, 12 கி.மீ. பாதை' என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். பின்னாளில் யாராவது பாதையை 60 கி.மீ. சுற்றுக்கு மாற்றினால், இது மாட்டியிருப்பது தெரியாமல் பழுது தேடி அலைவார்கள். லேசரின் பயாஸ் மின்னோட்டத்தையும் (லேசரை எரியவைக்கும் மின்னோட்டம்) இன்றே வெப்பநிலையோடு குறித்து வையுங்கள். கட்டுப்பாட்டுச் சுற்று பவரைச் சீராக வைத்திருப்பதால் லேசர் முதுமையடைவது பவர் அளவில் தெரியாது, மின்னோட்டத்தில்தான் தெரியும். அதே வெப்பநிலையில் அது ஒன்றரை மடங்கானால் மாற்று மாட்யூலைத் தயாராக வையுங்கள்.