மாடியா, மட்டமா? – கடிதம்

அன்புள்ள சார்,

பதினோரு வருடம் சியாட்டிலில் இருந்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பினோம். சென்னையில் போரூர் தாண்டி அப்பாவின் பழைய வீடு. பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நாலு ஏக்கரில் பன்னிரண்டு மாடி, முந்நூறு வீடு வரப்போகிறதாம். சியாட்டிலில் என்றால் மனையிலேயே பெரிய வெள்ளைப் பலகை வைப்பார்கள். வடிவமைப்பு ஆய்வுக் கூட்டத்தில் ஆர்க்கிடெக்ட் மூன்று மாற்று வடிவம் காட்டுவார். தெருக்காரர்கள் எழுந்து பேசலாம். இங்கே கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது, எங்கே நடக்கும்? உயரம், எங்கள் வீட்டில் விழப்போகும் நிழல், பார்க்கிங், தெருவின் அழகு கெடுவது என்று ஒரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கூட்டம் கிடையாது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும் என்கிறது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை. மனை சிறியதானாலும், பன்னிரண்டு மாடியின் பரப்பையும் கூட்டினால் உங்கள் பக்கத்துக் கட்டடம் அதைத் தாண்டிவிடும். ஆனால் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று விலக்குத் தருவதும் அதே அறிவிக்கைதான். பெரிய கல்குவாரிக்குப் பந்தல் போட்டு மைக் வைத்துக் கேட்பார்கள். முந்நூறு குடும்பம் குடிவருவதற்குக் கேட்கமாட்டார்கள்.

சியாட்டில் ஏக்கம் புரிகிறது. 1994இல் அங்கே தொடங்கிய வழக்கம் அது. ஆனால் 2023இல் வாஷிங்டன் மாநிலம் போட்ட சட்டப்படி, வடிவமைப்பு ஆய்வுக்கு ஒரு பொதுக்கூட்டத்துக்கு மேல் நடத்தக் கூடாது. அங்கேயும் சுருங்கிவிட்டது.

உங்கள் ஒரு பக்கத்தைப் படித்தேன். உயரம் விதிக்குள் இருந்தால் யாரும் குறைக்கப் போவதில்லை. நிழலைக் காட்டிக் கட்டடத்தை நிறுத்துவது கடினம். தெருவின் அழகு, விடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் அப்பா குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதும்போது, மழைத்தண்ணீர் என்ற சொல் ஒரு இடத்தில்கூட வரவில்லையே! 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நீங்கள் இங்கே இல்லை, சரி. அப்பா இருந்திருப்பாரே, அவரிடம் கேட்டீர்களா?

எத்தனை மாடி என்று கேட்பதை நிறுத்துங்கள். மனையை எவ்வளவு உயர்த்தப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

இந்த மாதிரி மனைகளுக்கு நீர்வளத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்குவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் வரை மனையை உயர்த்த வேண்டும், 30 சென்டிமீட்டருக்கு மேற்படாத அடுக்கடுக்காக மண் கொட்டி இறுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனை இருக்கும். யாருக்காக? வீடு வாங்குகிறவர்களுக்காக. அவர்கள் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது, நியாயம்தான். ஆனால் நேற்றுவரை அந்த நாலு ஏக்கரில் தேங்கிய தண்ணீர் இனி எங்கே போகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ஏக்கர் ஏறக்குறைய 16,000 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்கு 1,600 கன மீட்டர், அதாவது 16 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் 133 லாரி. மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதே என்பார்கள். களிமண் பூமியில் குழி அரைமணியில் நிரம்பிவிடும், அப்புறம் அது வெறும் குழி. மீதித் தண்ணீர் பள்ளம் பார்த்து வரும். தெருவில் பழைய வீடுதான் பள்ளம், ஏனென்றால் ரோட்டையும் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியிருப்பார்கள்.

ஆகவே முதல் வேலை, ஒரு நல்ல மேஸ்திரியைக் கூப்பிட்டு டியூப் லெவல் பிடிக்கச் சொல்லுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று அளக்கலாம். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக் குமிழியை வெளியேற்றிய பிறகே அளக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கடைக்காலில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கரண்ட் கம்பத்தில் போடாதீர்கள், ரோடு போடும்போது கம்பத்தையே மாற்றிவிடுவார்கள். அந்தக் கோட்டை வைத்து வாசற்படி, நடுரோடு, சாக்கடையின் அடிமட்டம், பக்கத்து மனையின் தரை நான்கையும் அளந்து, அளவுகோல் தெரியும்படி தேதியோடு படமெடுத்து வையுங்கள். மண் லாரி வந்து இரண்டு நாள் ஆகிவிட்டால் பழைய மட்டம் என்ன என்பதை எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

இரண்டாவது, சர்வே நம்பர். தெருப்பெயரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் ஒன்றும் கிடைக்காது. வருவாய்த் துறை இணையதளத்தில் அ-பதிவேடும் (நிலத்தின் வகை சொல்லும் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள். மனைக்குள்ளோ ஓரத்திலோ வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று தனி உட்பிரிவு இருக்கிறதா? இருந்தால் புலப்படத்தில் அதன் அகலத்தைக் குறித்துக்கொண்டு, கட்டட வரைபடத்தில் அந்த இடத்தில் என்ன காட்டியிருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். ஆறு மீட்டர் வாய்க்கால் ஒரு மீட்டர் குழாயாகிப் போவது இந்த இடத்தில்தான். நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டிருந்தால் நாளிதழில் பொடி எழுத்தில் ஆட்சேபணை கோரும் அறிவிப்பு வரும். அதிலும் கிராமப் பெயரும் சர்வே நம்பரும்தான் இருக்கும், பன்னிரண்டு மாடி என்று இருக்காது. கெடு வாரக்கணக்கில்தான்.

மூன்றாவது, தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், முப்பது நாள். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நீர்வளத் துறைச் சான்றின் நகல், அதோடு இணைந்த மட்ட வரைபடம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) தள ஆய்வுக் குறிப்பு. அவை கைக்கு வந்த பிறகு எழுதும் கடிதத்துக்குத்தான் எடை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும், அதைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளும் வரும். குழு உங்களைக் கூப்பிடாது. ஆனால் அளவுகளோடு ஒரு பதிவுத் தபால் அனுப்புவதை யாரும் தடுக்கவில்லை. குழு பரிசீலிப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம். அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்.

திறந்தவெளி ஒதுக்கீட்டையும் ஒரு பார்வை பாருங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் சாலைப் பரப்பைக் கழித்து 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. 2023இல் உச்ச நீதிமன்றமும் இந்த ஒதுக்கீட்டு விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த இடத்துக்குப் பொதுச் சாலையிலிருந்து வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். குடியிருப்பின் கேட்டுக்கு உள்ளே இருந்தால் அது அவர்கள் பூங்கா, ஊருடையது இல்லை.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைத் திருத்தவில்லை. பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, மேஸ்திரி சொல்லும் அளவுகளை அதில் எழுதி அனுப்புங்கள்.