பன்னிரண்டு பேரும் ஒன்றாக ஊத வேண்டாம்

கேள்வி: எங்கள் பேண்டு செட்டில் ஆறு ஆல்டோ, நான்கு டெனர், இரண்டு பாரிடோன் சாக்ஸபோன் (உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை மூன்று வகை) இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பாக், மொஸார்ட் போன்ற மேற்கத்திய செவ்விசை மேதைகளை வாசித்துப் பார்க்க ஆசை. வயலின் நோட்ஸை அப்படியே பிரித்துக் கொடுத்தால் குழைந்த சோறு மாதிரி கேட்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: பன்னிரண்டு பேரும் முதலிலிருந்து கடைசி வரை ஊதுகிறீர்கள் போலிருக்கிறது. ஊர்வலத்துப் பழக்கம்! காட்பாடி ரோட்டில் பஸ் ஹாரனை மீறிக் கேட்க அது வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும்போது ஆகாது. ஆல்டோவும் டெனரும் கிட்டத்தட்ட ஒரே குரல். நாலு பாகமும் நடு ஸ்தாயியில் நெருங்கினால் காது பிரித்தெடுக்காது.

பாக்கின் மூன்றாவது ஆர்க்கெஸ்ட்ரா சூட் (பல சிறு பகுதிகள் சேர்ந்த இசைத்தொகுப்பு) ஒன்றில் 'ஏர்' என்று ஒரு மெதுவான பகுதி வரும், அதில் தொடங்குங்கள். மூலம் டி மேஜர் என்ற சுருதியில். சாக்ஸபோன் நோட்ஸை வகைக்கு வகை சுருதி மாற்றித்தான் எழுத வேண்டும்; மூலச் சுருதியிலேயே ஒலிக்கும்படி எழுதினால் ஆல்டோவுக்கு ஐந்து ஷார்ப் (அரைச்சுரம் உயர்த்தும் குறி), டெனருக்கு நாலு. பையன்கள் மறுநாள் வரமாட்டார்கள். பி ஃபிளாட் சுருதிக்கு இறக்குங்கள். ஆல்டோவுக்கு ஒரே ஷார்ப், டெனருக்கு ஒன்றுமில்லை.

இரண்டு ஆல்டோவுக்கு முதல் வயலின், இரண்டுக்கு இரண்டாம் வயலின், இரண்டு டெனருக்கு வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்), பாரிடோனுக்குக் கீழ்ப்பாகம். மிச்ச நாலு பேர் சும்மா இருக்கட்டும். இரண்டு பகுதிகளையும் திருப்பி வாசிக்கச் சொல்லி பாக்கே குறித்திருக்கிறார், அப்போது சேர்ந்துகொள்ளலாம்.

தொடக்கச் சுரம் ஒரு தாளக்கட்டம் (பார்) முழுக்க நின்று அடுத்த கட்டத்துக்குள் போகும், பிறகும் மெட்டு விடாமல் ஓடும். வயலின் வில்லுக்கு மூச்சு வேண்டாம், ஊதுகிற நமக்கு வேண்டும். ஜோடியில் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. யார் எங்கே என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். வைப்ரேட்டோ (சுரத்தை லேசாக அசைப்பது) மெட்டு வாசிப்பவருக்கு மட்டும்.

கீழ்ப்பாகம் ஸ்தாயி ஸ்தாயியாகத் தாவி இறங்கும். பாரிடோன் அதை இழுத்து ஊதினால் எல்லாம் கெட்டது. நாக்கால் தட்டிச் சுருக்கமாக விட வேண்டும். பழைய பாரிடோன்களில் மிகத் தாழ்ந்த 'ஏ' சுரத்துக்கான சாவி இருக்காது. எட்டாத சுரத்தை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே போடுங்கள்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடி ஒத்திகை வேண்டாம். நம்ம ஊர்ச் சூட்டில் சுருதி ஏறிவிடும், மவுத்பீஸை வெளியே இழுத்து இழுத்தே பொழுது போய்விடும்.

கேள்வி: பாக் காலத்தில் சாக்ஸபோனே இல்லையே, இதெல்லாம் முறையா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இல்லைதான். பாக் இறந்தது 1750-இல்; சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ் அதற்குப் பாரிஸில் காப்புரிமை வாங்கியது 1846-இல். ஆனால் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி நான்கு வயலினுக்கு எழுதிய கான்செர்ட்டோவை (தனி வாத்தியங்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை) நான்கு ஹார்ப்சிகார்டுக்கு (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) மாற்றியவரே பாக்தான். எனக்கு உறுத்தவில்லை.