ஜோர்டானில் பாறையைக் குடைந்த பழைய நகரமான பெட்ராவின் கருவூலத்துக்குள்ளே ஒன்றுமே இல்லையாமே, அவ்வளவு செலவு செய்து போகணுமா?

ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆமாம், உள்ளே வெறும் அறைதான். இப்போது அதற்குள் விடுவதும் இல்லை, வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அது பெரும்பாலும் அந்த நகரத்தை உருவாக்கிய நபாத்தியர்களின் மன்னர் ஒருவருக்காகக் குடைந்த கல்லறை, கருவூலம் என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். எகிப்திய மன்னன் பாரோவின் தங்கம் இருக்கிறது என்று நம்பி உச்சியில் உள்ள கலசத்தைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், குண்டுத் தழும்பு இன்னும் தெரிகிறது. கலசமோ முழுக்கத் திடமான கல்.

நான் குவைத்தில் பைப் ஃபிட்டர். அதனால் என் கண் வேறு பக்கம் போனது. கருவூலத்துக்குப் போக சீக் என்ற குறுகிய மலை இடுக்கில் சுமார் 1.2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எல்லாரும் அண்ணாந்து பாறையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் வாய்க்கால் வெட்டியிருப்பதைப் பாருங்கள். ஒரு பக்கம் திறந்த வாய்க்கால், மறுபக்கம் சுட்ட மண் குழாய் பதித்த தடம், மண் படிய இடையிடையே சின்னத் தொட்டி. மழையே அபூர்வமான ஊரில், வெளியே உள்ள ஊற்றிலிருந்து நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள், அதுவும் 2,000 வருஷத்துக்கு முன்னால், பம்ப் இல்லாமல், வாட்டத்தை மட்டும் நம்பி! வெள்ளம் சீக்குக்குள் புகாமல் வாசலில் அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்கத்தில் திருப்பிவிட்டார்கள். அந்த அணை காலப்போக்கில் போய்விட்டது. 1963இல் திடீர் வெள்ளம் வந்து, இடுக்குக்குள் மாட்டிய பிரெஞ்சுப் பயணிகள் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அப்புறம்தான் பழைய இடத்திலேயே புது அணை கட்டினார்கள். தொல்லியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் ஐடிஐ படித்தவன், பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் கருவூலத்தின் முன் படம் எடுத்ததும் திரும்பிவிட்டார்கள். அப்படித் திரும்புகிறவர்கள்தான் ஒன்றுமே இல்லை என்று எழுதுகிறார்கள். மேலே அத் தெய்ர் என்ற, பாறையில் குடைந்த இன்னொரு பெரிய கட்டடம் இருக்கிறது, 800 படி ஏறணும், கருவூலத்தைவிடப் பெரிது. வழியெல்லாம் கழுதைக்காரர்கள் "ஏசி டாக்ஸி வேணுமா" என்று கூப்பிடுவார்கள். பாவம் அந்தக் கழுதைகள், நடந்தே ஏறுங்கள்.

செலவு என்று கேட்டீர்களே. என் மச்சான்கூட, அந்தக் காசை நிலத்தில் போட்டிருக்கலாமே என்றார். வருஷாவருஷம் சோப்பு, சென்ட், சாக்லேட் என்று ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போகிறேன், அதை ஒருத்தரும் வீண்செலவு என்று சொன்னதில்லை. சரி, அதை விடுங்கள்.

ஒரு நாள் டிக்கெட்டே 50 ஜோர்டான் தினார். ஜோர்டானில் மூன்று ராத்திரியாவது தங்குவதாக இருந்தால், கிளம்பும் முன்பே ஆன்லைனில் ஜோர்டான் பாஸ் வாங்கிவிடுங்கள், விசாக் கட்டணமும் பெட்ரா நுழைவும் அதிலேயே அடங்கிவிடும்.