வீட்டிலேயே பிரேக் மாற்றியவர்களின் கேள்விகள்

(பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் என்று தாங்களே மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பியவை. செந்தூலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் போமென் (மெக்கானிக்) பதில் சொல்கிறார்.)

அண்ணே, என் மைவி காருக்கு ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டிப் பாகம் விற்கும் கடை) வாங்கிய பெரிய காலிப்பர் போட்டேன். மூன்று தடவை பிளீட் செய்தும் (காற்றை வெளியேற்றியும்) பெடல் பஞ்சு மாதிரி இருக்கு. – செலாயாங்

தம்பி, காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். மேலே இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதில் மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கும், எத்தனை போத்தல் பிரேக் எண்ணெய் ஊற்றினாலும் வெளியே வராது. தொழில் பழகும்போது நானும் இதே தப்பைச் செய்து ஒரு மத்தியானம் முழுக்கத் தவித்திருக்கிறேன்.

நிப்பிள் சரியாக இருந்தால் பெடலைப் பலமுறை மிதியுங்கள். மிதிக்க மிதிக்க மேலே ஏறிக் கெட்டியானால் பெரும்பாலும் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. மிதித்தபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் பம்பின் ரப்பர் போய்விட்டது. கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கீழே போய்த்தான் பிடிக்கிறது என்றால் கதையே வேறு. காலிப்பரின் பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக எண்ணெய் வேண்டும், பழைய மாஸ்டர் பம்புக்கு அது போதவில்லை. இதில் எது என்று தெரியும்வரை காடியை எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

தெலுக் பஹாங்கிலிருந்து மலை வழியாக இறங்கும்போது கருகிய வாடை. பிரேக் பிடிக்கவே இல்லை. பேட் (டிஸ்கில் உரசும் கட்டை) புதுசுதான். – பாலிக் புலாவ்

அப்போது பெடல் எப்படி இருந்தது? கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி வழுக்கியது. புது பேட்டை முதலில் பழக்க வேண்டும்: காலி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டு பத்து தடவை குறையுங்கள். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள்.

பெடல் தொபுக்கென்று கீழே போனதா? அப்படியானால் எண்ணெய் கொதித்திருக்கிறது. டாட் 4 ரகப் புது பிரேக் எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் இழுத்தபின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள், பிரேக்கிலேயே கால் வைத்திருக்காதீர்கள்.

புது டிஸ்க் போட்டதிலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுது. – செராஸ்

டிஸ்கைக் குறை சொல்லும் முன் கழற்றி, ஹப்பில் (டிஸ்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகம்) இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். சின்னத் துருத் துணுக்கு போதும், டிஸ்க் சாய்ந்து உட்கார. வீல் நட்டை ஏர் கன்னால் அடிக்காமல் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சில் (அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள்.

பின்னால் மட்டும் டிரம் பிரேக்கை எடுத்து டிஸ்க் போட்டோம். மழையில் பின்பக்கம் இழுக்குது, பயமா இருக்கு. – ஆயர் ஈத்தாம்

பயப்பட வேண்டியதுதான், அக்கா. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போகும், பின் சக்கரம் லேசாகிவிடும். அங்கே பிடி அதிகமானால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பழைய டிரம்மையே திரும்பப் போடுங்கள். காசு போனால் போகட்டும்.

பிரேக் எண்ணெய் ஹோஸ் போல்ட்டுக்குப் பழைய செம்பு வாஷரே போதுமா? – பட்டர்வொர்த்

வேண்டாம். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக அடைக்காது. போல்ட்டின் இரண்டு பக்கமும் புதிது போட்டு, சுற்றி டிஷ்யூ கட்டி, எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலை நன்றாக மிதியுங்கள். டிஷ்யூ நனைந்திருந்தால் வீட்டு கேட்டைத் திறக்காதீர்கள்.