சாவித்திரியின் களையும் கரை தெரியாத சேலையும்

அன்புள்ள ஐயா,

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக அந்தக் கால நடிகை சாவித்திரி பாணியில் போட்டோ எடுத்தோம். முழங்கை வரை ரவிக்கை, சவுரி வைத்த கொண்டை, வால் இழுத்த கண்மை, சிவப்புப் பட்டு எல்லாம் சரியாக அமைந்தன. கருப்பு வெள்ளையாக மாற்றியபோது அந்தக் களை வரவில்லை. இணையத்தில் வண்ணம் பூசி வரும் பழைய படங்களிலும் ஏதோ குறைகிறதே, ஏன்?

வாசகி, திருத்தணி

அன்புள்ள சகோதரிக்கு,

குறை உங்கள் தங்கையிடம் இல்லை. சேலைக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை விளக்குக்குச் செலவழித்திருந்தால் களை தானாக வந்திருக்கும்.

'மிஸ்ஸியம்மா' (1955) பாருங்கள். அந்தக் கதை தமிழ், தெலுங்கு இரண்டிலும் வந்தது. தமிழ் நாயகன் ஜெமினியா, தெலுங்கு நாயகன் என்.டி.ஆரா, யார் உசத்தி என்று ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரிப் பக்கம் வாதாடுவார்கள். இரண்டிலும் நாயகியான சாவித்திரியைப் பற்றி வாதமே கிடையாது. ஆடம்பரம் தேவைப்படாத வேடம் அது. ஆனாலும் அந்த முகம் ஜொலிக்கிறது என்றால், ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லிக்கும் அதில் பங்குண்டு.

அந்தக் கால நடிகைகளின் ஸ்டில்களை உற்றுப் பாருங்கள். பலவற்றில் முகத்துக்கு நேர் எதிரே, சற்று உயரத்தில் ஒரு விளக்கு இருக்கும். மூக்கின் கீழ் சின்ன நிழல் விழும், கன்னம் எடுப்பாகும், விழியில் ஒரு வெளிச்சப் புள்ளி நிற்கும். பின்னாலிருந்து இன்னொரு விளக்கு. அது இல்லாவிட்டால் கருங்கூந்தல் இருண்ட பின்திரையோடு கலந்து, பாடுபட்டுப் போட்ட கொண்டையே காணாமல் போய்விடும். பிறகு ரீடச்சிங். நெகட்டிவில் பென்சில் முனையால் மெல்லத் தொட்டுத் தொட்டு, கண்ணுக்குக் கீழுள்ள கோடுகளை ஆற்றுவார்கள். பொறுமையான கைவேலை அது.

இனி சேலை. குங்குமச் சிவப்பு உடலுக்கு இலைப்பச்சைக் கரைதான் எடுப்பு என்று எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் சொல்வார்கள். நேரில் பார்க்க அது கொள்ளை அழகு. கருப்பு வெள்ளையிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழக்கூடும். கரை எங்கே என்று தேட வேண்டும். அதனால்தான் அன்று நிறத்தைவிட வெளிர், அடர்த்தி பார்த்துத் துணி எடுப்பது முக்கியமாக இருந்தது. வெளிர் உடலுக்கு அடர்ந்த கரை, இருண்ட சேலைக்குப் பளிச்சென்ற ஜரிகை.

வண்ணம் பூசுவதில் எனக்கு மனம் ஒப்பாததும் இதனால்தான். 1957இல் வந்த தெலுங்கு 'மாயாபஜாரை' 2010இல் வண்ணமாக்கி வெளியிட்டார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் படகுப் பாட்டில் பார்ட்லி வெறும் சாம்பல் நிறங்களாலேயே ஒரு நிலவைக் காய வைத்திருந்தார். அதன் மேல் நீலத்தையும் பச்சையையும் ஏற்றினால் கண் நிறத்துக்குப் போகிறது, சாவித்திரியின் முகத்துக்குப் போவதில்லை.

மறுபடியும் எடுங்கள். சேலை கட்டியதும் போனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கரை தெரியாவிட்டால் வேறு சேலை மாற்றுங்கள். அறையை இருட்டாக்கி, முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டே விளக்கு போதும். முகத்தை மெழுகாக்கும் பியூட்டி ஃபில்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அன்புடன்.