வாரண்ட் இல்லாம எடுத்தா கேஸ் நிக்காதா? – வக்கீல்கிட்ட கேளுங்க

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயந்தான். போலீஸு தப்பான வழியில எடுத்த சாட்சியம் கோர்ட்ல செல்லுமா செல்லாதா? அதனால பங்கு பிரிக்கிறது, பட்டா மாத்துறது பத்தின கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வக்கீல் தம்பிக்கு, எம்மகன் பழைய சாமான் வாங்கி விக்கிறவன். ஒரு நா ராத்திரி பத்து மணிக்கு மேல நாலஞ்சு போலீஸு வந்தாக. வாரண்ட் எங்கன்னு கேட்டதுக்கு அதெல்லாம் ஒனக்கெதுக்குன்னு சொல்லிட்டு, ரெண்டாங்கட்டுல இருக்க அறையத் தொறக்கச் சொல்லி ரெண்டு வெள்ளிக் குத்துவிளக்க எடுத்துட்டுப் போயிட்டாக. வேற ஊர்ல களவு போன விளக்காம் அது. இவன் காசு குடுத்து வாங்குனதுதான். அமெரிக்காவுல இருக்க பேரன் சொல்றான், "அப்பத்தா, வாரண்ட் இல்லாம எடுத்தது கோர்ட்ல செல்லாது, கேஸே நிக்காது, பயப்படாத"ன்னு. நம்பலாமா? – ஓர் ஆச்சி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, பேரன் சொல்றது அவன் குடியிருக்க நாட்டுக்குச் சரி, நம்ம நாட்டுக்கு ஆகாது. அத நம்பிக்கிட்டு சும்மா இருந்துடாதீங்க.

அங்க எப்படி வந்துச்சுன்னா, 1957-ல ஒஹையோ மாநிலம் கிளீவ்லாண்டுல டாலரீ மேப்னு ஒரு அம்மா வீட்டுக்கு போலீஸு வருது, குண்டு வச்ச கேஸ்ல ஒருத்தன் அங்க ஒளிஞ்சிருக்கான்னு சொல்லி. அந்தம்மா வக்கீலுக்கு போன் போட்டுக் கேட்டுட்டு வாரண்ட் இல்லாம விட மாட்டேன்னுச்சு. மூணு மணி நேரம் கழிச்சு இன்னும் ஆள் சேத்துக்கிட்டு வந்து கதவ ஒடச்சு உள்ள வந்துட்டாங்க, வாரண்ட் எங்கன்னதுக்கு ஒரு தாள ஆட்டிக் காமிச்சாங்க, அந்தம்மா டக்குனு அதப் புடுங்கி சட்டைக்குள்ள சொருகிக்கிச்சு, போலீஸு மல்லுக்கட்டித் திரும்பப் புடுங்குச்சு. கடைசி வரைக்கும் அந்தத் தாளு கோர்ட்டுக்கு வரவே இல்ல. தேடி வந்த ஆள விட்டுட்டு, கீழ்த்தளத்துல ஒரு பெட்டியில கெடந்த ஆபாசப் புத்தகத்த எடுத்து அதுக்கு கேஸ் போட்டாங்க. 1961-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், இப்படி எடுத்தத எந்த மாநிலக் கோர்ட்லயும் காட்டக்கூடாதுன்னு சொல்லிருச்சு. மத்திய கேஸுகளுக்கு இந்த விதி 1914-லயே வந்தாச்சு. பேரன் சொல்றது இதத்தான். அங்கயும் 1984-லேர்ந்து விதிவிலக்கு நெறைய: வாரண்ட் தப்புன்னு தெரியாம நம்பிச் சோதன போட்டிருந்தாலோ, எப்படியும் அந்தப் பொருள் கெடச்சிருக்கும்னாலோ செல்லும்.

நம்ம ஊர்க் கதை வேற. 1973 டிசம்பர்ல பூரன்மால் வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிகள் சொன்னது இன்னிக்கும் நிக்குது. வருமானவரி ரெய்டு கேஸ் அது. சோதனையே சட்டவிரோதம், அதனால எடுத்த கணக்கு வழக்கப் பாக்கக் கூடாதுன்னு வாதாடுனாங்க. கோர்ட் ஒத்துக்கல. சாட்சியம் வழக்குக்குப் பொருத்தமா இருக்கா, அதான் கேள்வி, அரசியல் சாசனமோ வேற சட்டமோ தடுத்திருந்தா ஒழிய எடுத்த விதம் சரியில்லங்கிறதுக்காகத் தள்ள முடியாதுன்னுருச்சு. அதுக்கு முந்தின வருஷம் மல்கானி வழக்கு. பம்பாயில பிணப் பரிசோதனை விசாரிக்கிற கொரோனர் ஒருத்தர் டாக்டர்கிட்ட லஞ்சம் கேட்டத, லஞ்ச ஒழிப்பு போலீஸு டாக்டர் போன்ல டேப்ப மாட்டிப் பதிஞ்சுட்டாங்க. அவர் என்னென்னமோ சொல்லிப் பாத்தாரு, டேப் செல்லும்னு சொல்லி தண்டனைய உறுதி பண்ணிட்டாங்க. இதுக்கெல்லாம் வேரு 1861-ல ஒரு இங்கிலீஷ் நீதிபதி சொன்னது. திருடி எடுத்தாக் கூட பொருத்தமான சாட்சியம் சாட்சியந்தான்னு அவரு சொன்னாரு. அந்த இங்கிலாந்தே 1984-ல சட்டம் போட்டு, விசாரணை நியாயமா நடக்காதுன்னு பட்டா நீதிபதி தள்ளலாம்னு மாத்திக்கிச்சு, நாம மட்டும் பழைய பாட்டையே பாடிக்கிட்டு இருக்கோம். நம்ம சட்டக் கமிஷனும் 1983-ல 94-ஆவது அறிக்கையில, நீதிபதிக்கு அந்த அதிகாரம் குடுங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. அப்புறம் 2023-ல சாட்சியச் சட்டத்தையே பேர மாத்திப் புதுசாப் போட்டாங்களே, அப்பக் கூட அதச் சேக்கல. எனக்கு அது பெரிய வருத்தம்.

அப்ப உங்க மகனுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு ஆச்சி. செல்லாதுங்கிற வாதத்த விட்டுட்டு நம்ப முடியாதுங்கிற வாதத்தப் புடிக்கணும். 1963 ரிப்போர்ட்ல வந்த ஒரு தீர்ப்புலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, சோதனை முறைகேடா இருந்தா அதுல எடுத்த பொருள் பத்தின சாட்சியத்த ரொம்பக் கவனமா அலசிப் பாக்கணும்னு. அந்த அலசல்லதான் கேஸு பாதி ஒடையும்.

மொதல்ல ஒண்ணு, புலன்விசாரணை அதிகாரி வாரண்ட் இல்லாமலும் வீட்டச் சோதன போடலாம், புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 185-ஆவது பிரிவு. ஆனா ஏன் போடுறேன், என்ன தேடுறேன்னு முன்கூட்டி எழுதி வைக்கணும், அந்தக் காப்பி 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும், நீங்க மனுப் போட்டா உங்களுக்கும் இலவசமாக் குடுக்கணும். அந்தக் காப்பிக்கு நாளைக்கே மனுப் போடுங்க. அடுத்து 105-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1-லேர்ந்து சோதனை, பொருள எடுக்குறது, பட்டியல் எழுதிச் சாட்சி கையெழுத்து வாங்குறது எல்லாத்தையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். அன்னிக்கு யாராச்சும் போன நீட்டி வீடியோ புடிச்சாங்களா? வீடியோ இல்லைன்னா அந்த ஒண்ணுக்காக விளக்கு கோர்ட்ட விட்டு வெளிய போயிராது, ஆனா குறுக்கு விசாரணையில எங்களுக்கு அது கரும்பு. மூணாவதா, மகஜர்ல, அதாவது எடுத்த பொருளோட பட்டியல்ல, கையெழுத்துப் போட்ட சாட்சி. அக்கம்பக்கத்து ஆளு ரெண்டு பேரு இருக்கணும்னு சட்டம் சொல்லுது, நம்ம பக்கம் வழக்கமா வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான் கையெழுத்துப் போடுவாங்க. ராத்திரி பத்து மணிக்கு அவங்க உங்க முகப்புல நின்னாங்களா, இல்ல மறுநாள் ஸ்டேஷன்ல வச்சுக் கையெழுத்துப் போட்டாங்களா? பக்கத்து வளவுல யாரு முழிச்சிருந்தா? எடுத்த பொருள கோர்ட்டுக்கு அனுப்புற படிவம் 95-ல விளக்கு என்னிக்குப் போச்சு? அதுல எடை எழுதியிருக்கா, அடியில பேரு, விலாசம் வெட்டியிருந்தா அதக் குறிச்சிருக்காங்களா? ஏன்னா நம்ம பக்கம் சீர்ச் சாமான்ல பேரு வெட்டாத விளக்கு கொறைவு, அது ஒண்ண வச்சே இது களவு போன விளக்குதானான்னு தெரிஞ்சுரும்.

எல்லாத்துக்கும் மேல, திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குனாத்தான் குற்றம். யாருகிட்ட வாங்குனான், என்ன வெல, பில்லு, ஜீபே ரசீது இருந்தா அதான் ஒங்களுக்குக் காப்பு. பேரன வாரண்ட்டப் பத்திப் பேசச் சொல்லாம அந்த ரசீதத் தேட உதவி பண்ணச் சொல்லுங்க.

கேள்வி: போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் செல்லாதுன்னு படிக்கிறோம், ஆனா தெனம் பேப்பர்ல "குற்றவாளி வாக்குமூலத்தின் பேரில் கத்தி மீட்பு"ன்னு போடுறாங்களே, எது சார் நெசம்? – சட்டக் கல்லூரி மாணவி, தேவகோட்டை

பதில்: ரெண்டுமே நெசந்தாம்மா. சட்டமே கதவ அடச்சு வச்சிருக்க எடம் இது, அதனால நீதிபதிக்கு இங்க வேற வழி கெடையாது. போலீஸ்கிட்ட சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது, காவல்ல இருக்கப்ப யாருகிட்டச் சொன்னாலும் மாஜிஸ்திரேட் முன்னால இல்லைன்னா செல்லாது. பழைய சட்டத்துல 25, 26, இப்ப 23-ஆவது பிரிவு. அடிச்சுத்தான் வாங்கியிருப்பாங்கன்னு வெள்ளக்காரனுக்கே சந்தேகம் இருந்ததுனால வச்ச பிரிவு.

ஆனா அதுலயே ஒரு சந்து இருக்கு. அவன் சொன்னதுனால ஒரு பொருள் கெடச்சுதுன்னா அந்த அளவுக்கு மட்டும் செல்லும், பழைய சட்டத்துல 27-ஆவது பிரிவு. எது வரைக்கும்னு அளந்து குடுத்தது நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லேர்ந்து அப்ப நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுக்குரி கொட்டய்யா வழக்கு, 1947 ரிப்போர்ட். அதுல ஒருத்தன் சொன்னது, நான் சிவய்யாவ ஈட்டியால குத்துனேன், ஈட்டிய எங்க ஊர்ல ஒரு கொல்லையில ஒளிச்சு வச்சேன், எடத்தக் காட்டுறேன்னு. ஒளிச்சு வச்சேன், காட்டுறேன் இது ரெண்டும் உள்ள வரும். குத்துனேங்கிறத அடிச்சுரணும். கெடச்சது ஈட்டியும், அது அங்க இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்ததும்தான், குத்துனது அதுலேர்ந்து கெடைக்கலையே. இன்னிக்கும் செஷன்ஸ் கோர்ட்ல சாட்சி சொல்ற இன்ஸ்பெக்டர் முழு வாக்குமூலத்தையும் கடகடன்னு சொல்லிட்டுப் போகப் பாப்பாரு, வக்கீலு எந்திரிச்சு நிக்கலைன்னா அப்படியே பதிவாயிரும். பரீட்சைக்கு மட்டும் படிக்காதம்மா, இத.

கேள்வி: மச்சான் பையன் கஞ்சா கேஸ்ல மாட்டிக்கிட்டான், சோதனை போட்டப்ப ஏதோ 50-ன்னு சொல்லல, அதனால விடுதலை ஆயிரும்னு சொல்றாங்க, ஆகுமா? – புதுவயல் வாசகர்

பதில்: எங்க வச்சு எடுத்தாங்கன்னு பாக்கணும். போதைப்பொருள் சட்டம் 50-ஆவது பிரிவுப்படி, கெசட்டட் ஆபீசரோ மாஜிஸ்திரேட்டோ முன்னால சோதன போடச் சொல்ல ஒனக்கு உரிமை இருக்குன்னு அந்த ஆள்கிட்டச் சொல்லியே ஆகணும். சொல்லாம ஒடம்புல தடவி எடுத்தா அந்தப் பொருள வச்சுத் தண்டிக்க முடியாது, 1999 பல்தேவ் சிங் வழக்குல அஞ்சு நீதிபதிகள் சொன்னது, 2010-ல இன்னொரு அஞ்சு பேரு அத இன்னும் கெட்டியாக்கிட்டாங்க. ஆனா இது ஆளோட ஒடம்புக்கு மட்டும். தோள்ல இருந்த பையில, பைக் பெட்டியில எடுத்தா 50 வராதுன்னு 2005-லயே தீர்ப்பு இருக்கு. மகஜர எடுத்துப் பாருங்க, பேண்ட் பாக்கெட்டா பையான்னு.

கேள்வி: உண்மை கண்டறியும் ஊசி போட்டா எல்லாம் வெளிய வந்துருமே, ஏன் எல்லாருக்கும் போட மாட்டேங்குறாங்க? – கல்லல்

பதில்: 2010 செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. சம்மதம் இல்லாம நார்கோ (நீங்க சொல்ற ஊசி), பாலிகிராஃப் (பொய் கண்டறியிற மிஷின்), மூளை அலைச் சோதனை எதுவும் பண்ணக் கூடாது, தனக்கு எதிரா சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சாசனம் 20(3) சொல்லுது. சம்மதிச்சுப் போட்டாலும் மயக்கத்துல சொன்னது சாட்சியம் இல்ல, அதத் தொடர்ந்து பொருள் ஏதும் கெடச்சா அது மட்டும் வரும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் என் போன்ல யாருகிட்டப் பேசுனேன்கிற லிஸ்ட எடுத்து டைவர்ஸ் கேஸ்ல போட்டிருக்கார். நான் பேசுனதையும் ரெக்கார்ட் பண்ணியிருக்கார். இதெல்லாம் செல்லுமா? – பேர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: இது கிரிமினல் கேஸ் இல்ல, ஆனாலும் சொல்றேன்மா, ஏன்னா இதுல சட்டம் இப்பத்தான் பெரட்டிப் போட்டுருக்கு. 2024 அக்டோபர் கடைசியில மதுரை பெஞ்ச்ல இதே மாதிரி வந்துச்சு, பரமக்குடி சப்கோர்ட் டைவர்ஸ் கேஸ்லேர்ந்து. பொண்டாட்டிக்குத் தெரியாம அவங்க கால் லிஸ்ட புருஷன் எடுத்தது அந்தரங்க உரிமைய மீறுனது, சாட்சியமா ஏத்துக்க முடியாதுன்னு நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தள்ளிட்டாரு. நான் அந்தத் தீர்ப்பப் படிச்சு சந்தோஷப்பட்டவன். ஆனா 2025 ஜூலை 14-ல சுப்ரீம் கோர்ட், புருஷன் ரகசியமா ரெக்கார்ட் பண்ணுன பேச்ச குடும்ப நலக் கோர்ட்ல காட்டலாம்னு சொல்லிருச்சு. ஒருத்தர ஒருத்தர் வேவு பாக்குற நெலமைக்கு வந்தாச்சுன்னா அந்தக் கல்யாணம் ஏற்கனவே ஒடஞ்சுதான் போயிருக்குன்னு அவங்க நெனப்பு. அதனால ரெக்கார்டிங் உள்ள வரும்னு வச்சுக்கிட்டே தயாராகுங்க, வெட்டி ஒட்டியிருக்கான்னு தடயவியல் லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. கால் லிஸ்ட் விஷயத்துல மதுரைத் தீர்ப்ப வச்சு உங்க வக்கீல் வாதாடட்டும், உங்க போன்ல வேவு ஆப் ஏதும் ஏத்தியிருந்தா அதுக்குத் தனியா தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல புகார் குடுக்கலாம், அவரு காட்டுன சாட்சியம் செல்லுறதும் அவரு மேல கேஸ் வர்றதும் வேற வேற.

கேள்வி: எங்க கடையில நடந்த திருட்டு எதிர்வீட்டு கேமராவுல இருக்கு, அவங்ககிட்டக் கேக்காம பென்டிரைவ்ல ஏத்திட்டோம், தள்ளிருவாங்களா? – கானாடுகாத்தான்

பதில்: கேக்காததுக்காகத் தள்ள மாட்டாங்க. சர்ட்டிபிகேட் இல்லைன்னா தள்ளிருவாங்க. புது சாட்சியச் சட்டம் 63(4), ரெண்டு பாகம்: ஒண்ணு மிஷின் பொறுப்புல இருக்கவர், இன்னொண்ணு நிபுணர் கையெழுத்து, ஹாஷ் வேல்யூ, அதாவது ஃபைல மாத்துனாக் காட்டிக் குடுக்குற எண், போட்டு. எதிர்வீட்டுக்காரர் கையெழுத்து வேணும், அதனால இன்னிக்கே போயி நல்லபடியாப் பேசுங்க, டிவிஆர் பழசு மேல புதுசப் பதியிறதுக்குள்ள போலீஸ வரச் சொல்லி அந்த மிஷினையே எடுக்கச் சொல்லுங்க.